எனக்கு வைத்த பாதி

எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வரும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு மாதத்துக்குள் தலை சுற்ற ஆரம்பித்துவிடும். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே காருக்கு ஒயர் கட்டும் வேலை. எவளாவது லைனில் சரிந்தால், தண்ணீர் தெளித்து எழுப்பி, சூப்பர்வைசர் நேராக என்னிடம் கூட்டிக்கொண்டு வருவார். "குறைஞ்ச காசுல எப்படி ஒழுங்கா சாப்பிடறதுன்னு இவங்ககிட்ட கேட்டுக்கோ. ஏழே முக்கால்ல இருந்து ஏறி வந்தவங்க" என்பார். ஏழே முக்கால் என்பது ஒரு காலத்தில் என் ரத்தத்தில் இருந்த ஹீமோகுளோபின் அளவு. நானும் சலிக்காமல் சொல்வேன். கேழ்வரகு, முருங்கைக்கீரை, வறுத்த வேர்க்கடலை, நாளுக்கு ஒரு முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ரத்தம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒன்றை மட்டும் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. அதை இங்கே சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். எழுதுவதில் ஒரு வசதி, கேட்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

நான் வந்தது செய்யாறு பக்கத்திலிருந்து. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே, சர்வீஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, வரிசையாக ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் கடைசி ரூம் எனக்கு. வீட்டுக்கார அம்மா நிலத்தைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, மிஞ்சிய மனையில் ரூம் கட்டியவர். ஒரு ரூமுக்கு இரண்டு பேர், ஒருத்தி பகல் பேட்ச், ஒருத்தி நைட் பேட்ச். "ஒருத்தி எயுந்துக்கினா ஒருத்தி படுத்துக்கலாம், இன்னாத்துக்கு ரெண்டு பாயி?" என்று அவர் கேட்டது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. எங்கள் கம்பெனியில் பேட்ச் மாறாது. எனக்குப் பகல். என்னோடு ரூமில் இருந்த அக்காவுக்கு நைட்.

அக்கா தூத்துக்குடிக்கும் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிலுவை கோத்த கறுப்புக் கயிறு. முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் கொஞ்ச நேரம் பேசியிருக்கிறோம். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். விடியற்காலை ஐந்தரைக்கு என் பஸ். ஏழு மணிக்கு அவள் பஸ் அவளை இறக்கிவிடும். சாயங்காலம் ஐந்துக்கு அவள் கிளம்புவாள். ஏழு மணிக்கு நான் வருவேன். ஒரே பாயில், ஒரே தலையணையில் படுத்தோம். ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டோம். ஆனால் மாதக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொடியில் காயும் துணியை வைத்தும், சீப்பில் சிக்கிய முடியை வைத்தும்தான் ரூமில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று தெரியும்.

இப்படிப் பேட்ச் மாற்றிப் படுக்கும் ரூம்களில் ஒரு வழக்கம் இருந்தது. சமைத்த பாத்திரத்தில் கரண்டி விளிம்பால் நடுவே ஒரு கோடு இழுப்பார்கள். வாசல் பக்கத்துப் பாதி, முதலில் சாப்பிடுகிறவளுக்கு. சுவர்ப் பக்கத்துப் பாதி, பின்னால் வருகிறவளுக்கு. சோறு, களி, கீரை எதுவானாலும் அப்படித்தான். முகம் பார்க்காத இரண்டு பேருக்கு நடுவில் சண்டை வராமல் இருக்க யாரோ பட்டினி தெரிந்த புண்ணியவதி கண்டுபிடித்த வழி. நான் வரும்போது வாசல் பக்கம் வழித்து எடுத்தது போல் காலியாக இருக்கும். சுவர்ப் பக்கத்தை நான் சாப்பிடுவேன்.

சேர்ந்து எட்டு மாதம் ஆனபோது லைனில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது ஒயர் கட்டும் பலகை தலைக்கு மேலே நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. எனக்காக லைனை நிறுத்தவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஏழே முக்கால். பயிற்சி வருடம் முடிய நாலு மாதம் இருந்தது. அதன் கடைசியில் ஒரு மெடிக்கல் வைப்பார்கள், அதில் பத்துக்கு மேல் இருந்தால்தான் கம்பெனி ரோலில் நிரந்தரம். இல்லாவிட்டால் வந்த வழியே போக வேண்டியதுதான். வந்த வழியில் எங்கள் ஊர்ச் செங்கல் சூளை இருக்கிறது. என் அம்மா அங்கே கல் சுமந்து சுமந்து, இப்போது நிமிர்ந்து நின்றாலும் குனிந்தது போலத்தான் தெரிவாள். அந்தச் சூளைக்குப் போக மாட்டேன் என்று நான் சத்தியமே செய்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். "நல்லா சாப்பிடணும்மா" என்றும் சொன்னார்கள். நல்லா என்றால் என்ன, எதை வைத்து என்று அவர்கள் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பியது போக என் கையில் நின்றது சொற்பம். அன்று வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிப் புலம்பினேன். மறுநாள் சாயங்காலம் ரூமுக்கு வந்தால், நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் அக்காவின் எழுத்து. "உனக்கு ரத்தம் இல்லன்னு வீட்டுக்காரம்மா சொன்னாவ. இனிமே சமையல் என் பொறுப்பு. நீ நான் சொல்லுதத வாங்கிப் போடு. மாத்திரையை டீயோட முழுங்காத."

அவளுக்குச் சமையல் கை வந்த கலை. பின்னால் பிளாட் கல் நட்டு விற்காமல் கிடந்த மனையில் ஒரு முருங்கை நின்றது. யார் வீட்டுக் கொல்லையோ, வீடு போய் மரம் மட்டும் மிஞ்சியது. கீரை அதிலிருந்து. ரேஷன் அரிசியை வீட்டுக்கார அம்மாவே மலிவாகக் கொடுப்பார். கேழ்வரகைக் களியாகவும் கூழாகவும் அடையாகவும் மாற்றி மாற்றிச் செய்வாள். வேர்க்கடலையை வறுத்துப் பொடித்துக் கீரையில் போடுவாள். முட்டை, ஆளுக்கு நாளுக்கு ஒன்று. அப்போது ஞாயிறும் எனக்கு ஓவர்டைம். முதல் ஞாயிறு சாயங்காலம் வந்து பாத்திரத்தைத் திறந்தால் கறுப்பாக, உதிரி உதிரியாக என்னவோ வறுத்து வைத்திருந்தது. ஈரல் என்று நினைத்து முழுவதும் தின்றுவிட்டேன். தாளைப் பிறகுதான் பார்த்தேன். "ஆட்டு ரத்தம். சொன்னா திங்க மாட்ட, அதான் சொல்லல." ஓடிப் போய் வாயைக் கொப்பளித்தேன். ஆனாலும் விலை எவ்வளவு மலிவு என்று தெரிந்தபின் வாரா வாரம் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

என் குணத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் கொஞ்சம் பிசினாரி. கொஞ்சம் இல்லை, நன்றாகவே. இல்லாத வீட்டில் வளர்ந்தவர்கள் இரண்டு விதமாக ஆவார்கள். ஒரு விதம் அக்கா. இன்னொரு விதம் நான். மாத முதல் தேதி சாமான் வாங்க இருவரும் ஆளுக்குப் பாதி டப்பாவில் போடுவோம். அவள் சமையலை ஏற்றுக்கொண்ட இரண்டாவது மாதம் அவள் பங்கு வரவில்லை. "அடுத்த மாசம் சேத்துப் போடுதேன்" என்று ஒரு தாள். அடுத்த மாதமும் அதே தாள். எனக்குள் புகைய ஆரம்பித்தது. கம்பெனி கேன்டீனில் ஒரு வேளை அவளுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. இங்கே மட்டும் என் காசில் பாதியா? பாதிதான் என்பதற்கு என்ன சாட்சி? கோடு போடுகிறவளும் அவள்தான், முதலில் சாப்பிடுகிறவளும் அவள்தான்.

ஆகவே வேவு பார்த்தேன். எண்ணெய் பாட்டிலில் பென்சிலால் ஒரு கோடு. அரிசி டின்னின் உள்சுவரில் நகத்தால் ஒரு கீறல். முட்டைகளின் அடியில் சின்னச் சின்னப் புள்ளி. வேர்க்கடலை டப்பாவை மூடி, மூடியின் இடுக்கில் என் தலைமுடி ஒன்று. எங்கே கற்றேன் என்று தெரியவில்லை, திருடனைப் பிடிக்கிற புத்தி எப்படியோ தானாக வந்துவிடுகிறது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தேன். ஏழு முட்டை குறைந்திருந்தது. ஏழும் நான் தின்ற ஏழு. அரிசி ஒரு ஆளுக்கு எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான் இறங்கியிருந்தது. எண்ணெயும் அதே கணக்குதான்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. என் சாமர்த்தியத்தால்தான் சாமான் நீள்கிறது என்று நினைத்தேன். மாதத்துக்கு வாங்கியது ஒன்றரை மாதம் வந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பெருமையடித்துக்கொண்டேன். சந்தேகம் மெதுவாகத்தான் வந்தது. வாசல் பக்கத்துப் பாதி தினமும் காலியாகிறது. அவள் தண்ணீர் குடிக்கும் டம்ளர் ஈரமாக இருக்கிறது. அப்படியானால் அவள் எதைச் சாப்பிடுகிறாள்?

அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. சீப்பில் முடி சிக்குவது நின்று போயிருந்தது. சோப்பு என் கைக்கு மட்டும்தான் கரைந்தது. முன்பெல்லாம் நான் படுக்கும்போது தலையணையில் தேங்காய் எண்ணெய் வாசம் வரும். இப்போது என் வாசம் மட்டும் வந்தது. கொடியில் அவளுடைய யூனிபார்ம் சட்டை எத்தனை நாளாக அதே மடிப்போடு தொங்கியது என்று யோசித்துப் பார்த்தேன், சொல்லத் தெரியவில்லை. ஆனால் தினமும் சோறு சூடாக இருந்தது. கீரை ஆய்ந்து, உதிர்த்து, மணக்க மணக்க வெந்திருந்தது.

வீட்டுக்கார அம்மாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணா? போறது வர்றது ஒண்ணுமே தெர்ல. உள்ள ஆள் கீதா இல்லியான்னே எனக்கு டவுட்டு. சத்தமே இல்ல. பகல்ல ஒரு தபா கதவத் தட்டினேன், தொறக்கல. ஆனா சமைக்கிற வாசன மட்டும் வந்துகினே கீது" என்றார்.

எங்கள் கம்பெனி கேட்டில் காலையில் இரண்டு பேட்சும் எதிரெதிரே போகும். நாங்கள் உள்ளே, அவர்கள் வெளியே. முதல் மாதங்களில் அந்தக் கூட்டத்தில் சில நாள் அக்காவைப் பார்த்திருக்கிறேன். கையைத் தூக்கிச் சிரிப்பாள். இப்போது வரிசை முழுக்கத் தேடினேன். மூன்று நாள் தேடினேன். நாலாவது நாள், அவள் லைனில் வேலை செய்கிற ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டேன். "அந்தத் தூத்துக்குடி அக்காவா? நான் பாத்து ரெண்டு மாசம் இருக்கும்பா" என்றாள். மேலே கேட்பதற்குள் பின்னால் வந்த கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் பஸ்ஸில் ஒரு பேச்சு அடிபட்டது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சர்வீஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒரு பெண்ணை அடித்துவிட்டது. எந்த ஊரோ, எந்தக் கம்பெனியோ, நைட் ஷிப்டுக்குப் போகிறவளாம். அன்று சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் தாள் இருந்தது, சோறு இருந்தது. அதனால் அந்தப் பேச்சை நான் அப்போதே மறந்துவிட்டேன்.

அன்றைக்கு ரூம் கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. இருட்டு முழுக்க விழுவதற்குள் என்று திறந்தேன். அடுப்பு மேலே பாத்திரம். தொட்டால் சூடு. பக்கத்தில் தாள். "முட்டை உடைச்சு ஊத்திருக்கேன். முழுசும் தின்னு." எழுத்து முன்பு போல அழுத்தமாக இல்லை, பென்சில் தாளைத் தொட்டும் தொடாமலும் போயிருந்தது. நான் பாத்திரத்தின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு சாப்பிட்டேன். பயந்துகொண்டேதான் சாப்பிட்டேன். ஆனால் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. சமைத்தது யாராக இருந்தாலும் கீரையில் சத்து சத்துதானே என்று ஒரு எண்ணம் உள்ளே ஓடியது. மெடிக்கலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

ஒரு நாள் லீவு போட்டுப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பயிற்சிக் காலத்தில் லீவு போட்டால் ரோலுக்கு ஆபத்து. நேராகத் தாளில் எழுதிக் கேட்டிருக்கலாம். எழுதினேன். "அக்கா, நல்லா இருக்கீங்களா?" அடுத்த நாள் பதில் வந்தது. "எனக்கென்ன பிள்ள. நீ சாப்பிடு." அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கவே பயமாக இருந்தது. கிழித்துப் போடவும் பயம். அரிசி டின்னுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் பத்து மணிக்கெல்லாம் லைன் நின்றுவிட்டது. எங்கிருந்தோ வர வேண்டிய கனெக்டர் வரவில்லை. பகல் பேட்ச் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் சிரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கக் கால் வரவில்லை. நல்ல வெயில். கன்டெய்னர் லாரி போகிற அதிர்வு ஆறு ரூம் கதவுகளையும் லேசாக ஆட்டிக்கொண்டிருந்தது. கடைசிக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே கரண்டி சத்தம்.

தள்ளினேன்.

அக்கா உட்கார்ந்திருந்தாள். முதலில் நான் அவளை அக்கா என்றே எடுத்துக்கொள்ளவில்லை. தோள் எலும்பு இரண்டும் நைட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றது. கழுத்துக் கயிற்றில் சிலுவை நெஞ்சுக்குழிக்குள் விழுந்து கிடந்தது. நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை. பாத்திரத்தில் சோறு ஒரு ஆள் அளவுக்குத்தான் இருந்தது. அதை முழுவதையும் கரண்டியால் சுவர்ப் பக்கமாக ஒதுக்கினாள். நடுவே கோடு இழுத்தாள். காலியான வாசல் பக்கத்தில் நாலு பருக்கையைத் தேய்த்து, வழித்துத் தின்றது போல் ஆக்கினாள். பிறகு கழுவிக் காய்ந்து கிடந்த தட்டை எடுத்து, தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு கவிழ்த்து வைத்தாள். எல்லாவற்றையும் அவ்வளவு பொறுமையாக, பூசைக்கு அடுக்குகிறவள் போலச் செய்தாள்.

"அக்கா" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏ பிள்ள, என்ன இந்நேரம் வந்துட்ட? மேலுக்குச் சொகமில்லையா?" என்றாள். அப்போதும் என்னைப் பற்றித்தான் கேட்டாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

"தின்னாச்சு."

"எதை?"

அவள் பாத்திரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிடிபட்ட சிரிப்பு. "வேல போயிட்டு பிள்ள. ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுது. நைட்ல ஆளக் கொறைச்சாவ. முப்பது தாண்டினதயெல்லாம் முதல்ல கழிச்சிட்டாவ."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொல்லிக்கொண்டே போனாள். வேலை போனது தெரிந்தால் வீட்டுக்கார அம்மா சம்பளம் வருகிற வேறு ஆளைக் கொண்டுவருவார். வருகிறவள் எப்படியோ, சமைப்பாளோ மாட்டாளோ. அதனால் தினமும் சாயங்காலம் பஸ் நேரத்துக்குக் கம்பெனி டேக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பி, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாளாம். நோயாளிகளுக்குத் துணை இருப்பவர்கள் படுக்கும் கூடத்தில் படுத்துக்கொள்வாளாம். அங்கே பொம்பிளைகள் நிறையப் பேர், பயமில்லை. காலையில் யாரோ தர்மத்துக்குக் கஞ்சி ஊற்றுவார்கள். ஒரு டம்ளர் குடித்துவிட்டு, இரண்டு கம்பெனி வாசலில் பயோடேட்டா கொடுத்துவிட்டு, சமைக்க வந்துவிடுவாள். சாயங்காலம் கிளம்பும் முன் எல்லாவற்றையும் இன்னொரு முறை சூடாக்கி இறுக்கி மூடிவிடுவாள். பூந்தமல்லியில் அவளுக்குச் சித்தி யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குத் தெரியாமல் எங்காவது கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவப் போயிருக்கிறாள். அந்தக் காசில்தான் வாடகைப் பங்கைக் கொடுத்து, ஆட்டு ரத்தமும் வாங்கியிருக்கிறாள்.

"ஏன்க்கா சாப்பிடல?" என்று கத்தினேன். "இங்கதான இருக்கு சாப்பாடு!"

"காசு போடாதவளுக்கு எங்கிட்டுப் பங்கு? ரெண்டா வகுந்தா உனக்குப் பத்தாது. ஏழே முக்கால் எப்படி ஏறும்?" என்றாள். பிறகு, கொஞ்சம் தயங்கி, "எண்ணெய்க் குப்பில நீ கோடு போட்டிருந்தத நான் பாத்தேன் பிள்ள" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பேயைப் பார்த்திருந்தால்கூட நான் அவ்வளவு சில்லிட்டுப் போயிருக்க மாட்டேன். முட்டைக்கு அடியில் புள்ளி வைத்தது, மூடி இடுக்கில் முடி வைத்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். தினமும் அந்த முடியை எடுத்து, சமையல் முடிந்ததும் வைத்த மாதிரியே திரும்ப வைத்திருக்கிறாள்.

அழுதேன். காலில் விழாத குறை. பாத்திரத்தில் இருந்ததை இரண்டாகப் பிரித்து அவள் பக்கம் தள்ளினேன். அவள் என் பக்கம் தள்ளினாள். "இன்னும் ஒம்பது நாளு. அது முடிஞ்சதும் ரெண்டு பேரும் சேந்து உக்காந்து திம்போம். இப்ப விட்டா இத்தன நாளு பட்டினி கெடந்ததுக்கு அர்த்தம் இல்லாமப் போயிரும். தின்னு" என்றாள்.

நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இதுதான். நான் தின்றேன்.

முதல் நாள் சண்டை போட்டு அவளை இரண்டு வாய் சாப்பிட வைத்தேன். இரண்டாம் நாள் ஒரு வாய். மூன்றாம் நாள் அவள் "வேண்டாம்" என்றதும் நான் வற்புறுத்தவில்லை. தெரியாமல் தின்றது இரண்டு மாதம், அதற்கு எந்தச் சாமியிடமும் என்னால் பதில் சொல்ல முடியும். தெரிந்தே தின்றது ஒன்பது நாள். ஒவ்வொரு வேளையும் சூளையில் குனிந்து நிற்கிற அம்மாவை நினைத்துக்கொண்டு தின்றேன். அம்மாவை நினைத்தால் எதையும் தின்ன முடியும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

அந்த ஒன்பது நாளும் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் ஷிப்ட் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டோம். சாயங்காலம் நான் வந்ததும் சோற்றை எடுத்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து எதிரே உட்கார்ந்துகொள்வாள். கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டு ஒரு டம்ளர் வைத்திருப்பாள். நான் சாப்பிடுவதையே பார்ப்பாள். நான் மென்றால் அவள் வாயும் லேசாக அசையும். நான் விழுங்கும்போது அவள் தொண்டை ஏறி இறங்கும். ஒரு முறை நான் வேண்டுமென்றே மெல்லுவதை நிறுத்திப் பார்த்தேன். அவள் வாயும் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டு முடித்தேன்.

மெடிக்கலில் பத்தே முக்கால் வந்தது. ரத்தம் எடுத்த நர்ஸ் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பரவால்லியே, என்னம்மா சாப்பிட்ட?" என்றார். சொன்னேன். "இவ்ளோதானா? செலவே இல்லையே! எல்லாரும் கேட்டுக்கோங்க" என்று வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் சத்தமாகச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அங்கேயே நின்று முருங்கைக்கீரையை எப்படி உதிர்ப்பது என்று இரண்டு பேருக்கு விளக்கம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ரூமுக்கு வந்து சொன்னதும் அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை குச்சியாக இருந்தது. "இனி நீ சூளைக்குப் போவ வேண்டாம் பாத்தியா?" என்றாள். சனிக்கிழமை ஊருக்குப் புறப்படப் போவதாகவும் அன்றுதான் சொன்னாள். இங்கே இனி வேலை கிடைக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று நான் சமைத்தேன். ரோட்டோரத்தில் செம்பரம்பாக்கம் ஏரி மீன் விற்றார்கள், பெரிய ஜிலேபிக் கெண்டை இரண்டு வாங்கி வந்தேன். "ஏரி மீனு சேறு வாட அடிக்குமே பிள்ள" என்று கேலி செய்துகொண்டே அவள்தான் புளி கரைத்துக் கொடுத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நல்ல குழம்பு. முதலில் மெதுவாகச் சாப்பிட்டாள். பிறகு வேகம் வந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. சோறு மூன்று முறை வாங்கினாள். நான் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன், போடப் போடச் சிரித்தேன். நாலாவது முறை தட்டை நீட்டியபோது அவள் வேறு பக்கம் பார்த்தாள். கேட்க வெட்கப்பட்டிருக்கிறாள்.

சட்டியில் நடுத்துண்டு ஒன்றும் வால் துண்டு ஒன்றும் கிடந்தன. டெஸ்ட் முடிந்துவிட்டது. வேலை நிலைத்துவிட்டது. இனி எனக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை. ஆனாலும், நாளைக் காலைக்கு வேண்டுமே என்று ஒரு குரல் கேட்டது. வேறு யாருடைய குரலும் இல்லை, என் குரல்தான். என் கரண்டி நடுத்துண்டை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு வாலை எடுத்தது.

அவள் கடற்கரையில் பிறந்தவள். எந்தத் துண்டு சட்டியில் மிஞ்சியது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்திருக்கும். வாலை முள் முள்ளாகப் பிரித்து, சுத்தமாகத் தின்றாள். "போதும் பிள்ள, வயிறு நெறஞ்சிட்டு" என்று சொல்லி எழுந்து கை கழுவப் போனாள்.

நடுத்துண்டை மறுநாள் காலை நான்தான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.